எந்த ஊர்ப் பாம்பு என்பதே முதல் கேள்வி

2001 செப்டம்பர் 11, காலை நேரம். மியான்மரின் வடகோடியில், கச்சின் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் ஜோசப் ஸ்லோவின்ஸ்கி ஒரு துணிப்பைக்குள் கையை விட்டார். உள்ளே இருப்பது டைனோடான் என்ற விஷமற்ற பாம்பாக இருக்கும் என்று உடன் வந்தவர் சொல்லியிருந்தார். இருந்தது ஒரு கட்டுவிரியன் குட்டி. விரலில் கடித்துவிட்டது. ஸ்லோவின்ஸ்கி கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர். நாகங்களையும் கட்டுவிரியன்களையும் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர். சில மணி நேரத்தில் அவருடைய மூச்சுத் தசைகள் நின்றுபோயின. கூட இருந்தவர்கள் முறைவைத்து வாயோடு வாய் வைத்து மணிக்கணக்காக மூச்சு ஊதிக்கொண்டே இருந்தார்கள். வானிலை மோசமாக இருந்ததால் ஹெலிகாப்டர் வந்து சேரவில்லை. மறுநாள் இறந்துபோனார். வயது 38.

கதை அதோடு முடியவில்லை. அவரைக் கடித்தது பல பட்டைக் கட்டுவிரியன் என்றுதான் அப்போது பதிவானது. 20 ஆண்டுகள் கழித்து, 2021-இல், சீன-மியான்மர் எல்லைப் பகுதியிலிருந்து பங்காரஸ் சுசெனே என்ற புதிய கட்டுவிரியன் இனத்தை விவரித்தார்கள். ஸ்லோவின்ஸ்கியைக் கடித்தது இந்த இனமாக இருக்கக்கூடும் என்பது அதை விவரித்தவர்களின் கருத்து. ஆக, ஒரே பாம்பின் அடையாளம் இரண்டு முறை மாறியிருக்கிறது.

அவ்வளவு பெரிய நிபுணருக்கே இப்படி நடந்ததா என்று கேட்கத் தோன்றும். அதைவிட முக்கியமான கேள்வி, விஷமற்ற ஒரு பாம்பு எதற்காகக் கட்டுவிரியனைப் போலவே இருக்க வேண்டும் என்பது. 1862-இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை வைத்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஆபத்தான ஒன்றைப் போலத் தோற்றம் இருந்தால் எதிரிகள் ஒதுங்கிப் போகும், அதனால் சாதுவான பிராணியும் பிழைத்துக்கொள்ளும். பாம்புகளிலும் இது நடக்கிறது. எதிரியின் கண்ணில் எது படுகிறதோ அதுதான் நகலாகும்: நிறம், பட்டை, தலையின் வடிவம், சீறல். கழுகு பாம்பைப் புரட்டிப்போட்டு வாலுக்கு அடியில் உள்ள செதில்களை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் அந்தச் செதில்கள் நகலாக வேண்டிய தேவையே வரவில்லை. பாம்பை இனம் காணும் கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது என்பேன். சட்டென்று கண்ணில் படுகிற அடையாளங்கள்தான் ஏமாற்றுவதற்கென்றே உருவானவை.

நம் வீடுகளிலேயே இதைப் பார்க்கலாம். கட்டுவிரியனுக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கும் வித்தியாசம் தெரியாமல் தமிழ்நாட்டில் அடிபட்டுச் சாகும் வரையன்கள் ஏராளம். அது கொஞ்சம்கூட விஷமில்லாத பாம்பு. பல்லி பிடிக்கச் சுவரேறி வருவது. அதைவிட மோசமானது இதன் மறுபக்கம். வரையன்தானே என்று நினைத்துக் கட்டுவிரியன் குட்டியைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கட்டுவிரியன் பளபளக்கும் கருப்பு, சில சமயம் நீலம் கலந்த கருப்பு. வெள்ளைப் பட்டைகள் மெல்லியவை, பல இடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து வரும். கழுத்துப் பக்கம் பட்டை இருக்காது, அல்லது முதுகுத்தண்டின் மேல் புள்ளிகளாகத் தேய்ந்திருக்கும். வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். வரையன் பழுப்பு நிறம். அதற்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கிவிடும், முன்பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கிப்போகும். பெரும்பாலான நேரங்களில் இந்த ஒரு வித்தியாசமே போதும். ஆனால் குட்டிகளிடம் நம்ப முடியாது. கட்டுவிரியன் குட்டிக்குக் கழுத்துக்கு அருகிலேயே வெள்ளைக் குறிகள் தெரியும். அப்போது கைகொடுப்பது செதில்தான். கட்டுவிரியனின் முதுகில் நட்ட நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக, தலையிலிருந்து வால் வரை ஓடும். வாலின் அடியில் செதில்கள் ஒற்றை ஒற்றையாக இருக்கும். வரையனுக்கு முதுகுச் செதில்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. வாலடிச் செதில்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்திருக்கும். நடு உடம்பில் குறுக்கே எண்ணினால் கட்டுவிரியனுக்கு வழக்கமாக 15 வரிசை, வரையனுக்கு 17. இலங்கையின் ஈரவலயத்திலும் இதே ஜோடி வேறு இனங்களாக இருக்கிறது. அங்கே இலங்கைக் கட்டுவிரியனை அப்படியே உரித்துவைத்த மாதிரி ஒரு வரையன் உண்டு.

சரி, உயிரோடு இருக்கும் பாம்பின் வாலடியை யார் பார்ப்பது? யாரும் பார்க்கக் கூடாது. செதிலை எண்ணும் வேலை புகைப்படத்துக்கும், அருங்காட்சியகக் குடுவைக்கும், கொல்லைப்புறத்தில் கிடக்கும் பாம்புச் சட்டைக்கும் உரியது.

சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டு இடுக்கிலோ விறகு அடுக்கிலோ கிடைக்கும் உரித்த சட்டையில் நிறம் அநேகமாக இருக்காது, செதில் முழுசாக இருக்கும். முதுகுப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் நடு வரிசை பெரிதா இல்லையா என்று தெரியும். செதிலின் நடுவே மேடான கோடு ஓடுகிறதா, வழுவழுப்பா என்று விரலாலேயே தடவிப் பார்த்துவிடலாம். சாரைச் சட்டையா நல்ல பாம்புச் சட்டையா என்று சண்டை வரும் இடம் இதுதான். நல்ல பாம்பின் நடு உடம்பில் வரிசை 20-க்கு மேல் போகும், சாரைக்கு 16 அல்லது 17. உரியும்போது இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆறடிச் சட்டையைப் பார்த்து ஆறடிப் பாம்பைத் தேட வேண்டாம்.

இப்போது ஊருக்கு ஊர் சொல்லப்படும் குறுக்குவழிகளுக்கு வருவோம். முக்கோணத் தலை என்றால் விஷம். கண்மணி செங்குத்தாகக் கோடு போல இருந்தால் விஷம், வட்டமாக இருந்தால் விஷமில்லை. இவை எங்கிருந்து வந்தன? ஐரோப்பாவில் ஆபத்தான பாம்புகள் எல்லாமே விரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலும் பவளப்பாம்புகளையும் கடல்பாம்பையும் விட்டால் மற்றவை குழிவிரியன்கள். விரியன்களுக்குத் தலை அகலம், கண்மணி செங்குத்து. அந்த நிலத்தில் இந்த விதி பெரும்பாலும் பலித்தது. அங்கிருந்து பாடப்புத்தகங்கள் வழியாகவும் இப்போது வாட்ஸ்அப் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தபோதுதான் வினையாயிற்று. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம், தலையும் முக்கோணம் இல்லை. மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு, பூனைப் பாம்பு மூன்றுக்கும் கண்மணி செங்குத்து. மூன்றாலும் மனித உயிருக்கு ஆபத்தில்லை. செங்குத்துக் கண்மணி பெரும்பாலும் இரவில் பதுங்கி இரை பிடிக்கும் பாம்புகளுக்கு உள்ளது. அதற்கும் விஷத்துக்கும் தொடர்பில்லை. அது இருட்டில் விரிந்து வட்டமாகிவிடும் என்பது வேறு.

முக்கோணத் தலையை நடித்துக்காட்டும் பாம்புகளும் நிறைய. தென்மேற்கு ஐரோப்பாவில் ஒரு நீர்ப்பாம்பு இருக்கிறது. முதுகில் விரியனைப் போல வளைகோடு. மிரட்டினால் தாடையை விரித்துத் தலையை முக்கோணமாக்கிக்கொண்டு சீறும். அதற்கு விஷமே கிடையாது. ஐரோப்பாவிலேயே விதி இப்படி ஆட்டம் காண்கிறது. ஆஸ்திரேலியாவில் இது இன்னும் தலைகீழ். அந்தக் கண்டத்தில் விரியன் குடும்பமே இல்லை. டைபான், பழுப்புப் பாம்பு, புலிப் பாம்பு என்று அங்கே ஆளைக் கொல்லக்கூடியவை எல்லாம் நாகத்தின் சொந்தக்காரர்கள். பலவும் பார்க்க நம் சாரையைப் போல ஒல்லியாக, சாதாரணமாக இருக்கும். அந்தக் குடும்பத்திலேயே டெத் ஆடர் என்ற ஒன்று மட்டும் குட்டையான உடல், முக்கோணத் தலை, செங்குத்துக் கண்மணியோடு விரியன் மாதிரியே இருக்கும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு பாட்டு உண்டு. சிவப்புப் பட்டை மஞ்சளைத் தொட்டால் ஆளைக் கொல்லும், சிவப்பு கருப்பைத் தொட்டால் பயமில்லை என்பது அதன் சாரம். பவளப்பாம்பையும் அதைப் போலவே தோன்றும் விஷமற்ற அரசப் பாம்புகளையும் பிரிக்க அந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் உதவும். அதே பாட்டைப் பாடிக்கொண்டு மெக்சிகோவைத் தாண்டித் தெற்கே போனால் ஆபத்து. தென் அமெரிக்காவின் பல பவளப்பாம்புகளுக்கு மூன்று கருப்பு வளையங்கள் சேர்ந்து ஒரு தொகுதியாக வரும், சிவப்பு நேராகக் கருப்பைத் தொடும். பாட்டின் கணக்கில் அவை "பயமில்லை". அமெரிக்காவிலேயேகூட நிறம் பிறழ்ந்து பிறக்கும் பவளப்பாம்புகள் உண்டு.

அதனால்தான் பாம்பைப் பற்றி யார் கேட்டாலும் நிறத்தைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்க வேண்டும். உலகத்தில் 4,000-க்கும் கொஞ்சம் அதிகமான பாம்பு இனங்கள் இருக்கின்றன. விஷமுள்ளவை 600 அளவில். இத்தனையையும் மண்டையில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது, தேவையும் இல்லை. மாவட்டத்தைச் சொன்னாலே வாய்ப்புகள் சில டஜனுக்குள் சுருங்கிவிடும். மலையா சமவெளியா, வயலா வீடா, பகலா இரவா என்று கேட்டால் இன்னும் சுருங்கும். செதிலின் முறை அதற்கு அப்புறம்தான்.

செதிலை எண்ணுவது பழைய வித்தை. 1758-இலேயே ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் தன் வகைப்பாட்டு நூலில் பாம்புகளை வயிற்றுச் செதில், வாலடிச் செதில் எண்ணிக்கைகளைக் கொண்டுதான் பிரித்தார். நம் கடற்கரையில் இதை உயிர் காக்கும் வேலையாக எடுத்துக்கொண்டவர் பாட்ரிக் ரஸ்ஸல். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கையியலாளராக இருந்த மருத்துவர். பாம்புக்கடிச் சாவுகளைப் பார்த்தவர், விஷப்பாம்பையும் மற்றதையும் பிரித்துக்காட்டும் உறுதியான அடையாளம் வேண்டும் என்று பாம்புகளைச் சேகரித்தார். 1796-இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி வண்ணப் படங்களோடு நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ராங்க் வால் என்ற ராணுவ மருத்துவர், இந்திய விஷப்பாம்புகளைத் தலை, முதுகு, வால் செதில்களால் கண்டுபிடிக்கும் முறையைச் சிறு நூலாக எழுதினார். நல்ல பாம்பின் மேலுதட்டு மூன்றாம் செதில் கண்ணையும் தொடும், மூக்கையும் தொடும் என்பது போன்ற குறிப்புகள் இன்றும் அப்படியே பயன்படுகின்றன.

உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் செதில் குறிப்புகளும் சில உண்டு. நாகம், கட்டுவிரியன், பவளப்பாம்பு, மாம்பா, டைபான், கடல்பாம்பு என்று அந்தக் குடும்பம் மொத்தத்துக்கும், கண்ணுக்கு முன்னால் உள்ள செதிலுக்கும் மூக்குச் செதிலுக்கும் நடுவில் வரவேண்டிய கன்னச் செதில் கிடையாது. விஷமற்ற பெரும்பாலான பாம்புகளுக்கு உண்டு. குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் வெப்பத்தை உணரும் ஒரு குழி இருக்கும். கடல்பாம்புக்குத் துடுப்பு மாதிரித் தட்டை வால்.

ஆனால் செதிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு, ஊர் விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஆப்பிரிக்கப் பாம்பு ஒன்று அடையாளம் காண்பதற்காக வந்தது. கையில் எடுத்தவர் கார்ல் ஷ்மிட், பவளப்பாம்புகளில் பேரறிஞர். நிறமும் தலையும் அது பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க விஷ மரப்பாம்பு என்றன. ஆனால் அந்த இனத்தில் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டிய கழிவாய்ச் செதில் இதற்கு ஒற்றையாக இருந்ததால் அவருக்குச் சந்தேகம். அந்த யோசனையில் இருக்கும்போதே அது கட்டைவிரலில் கடித்தது. குட்டிப் பாம்பு, அதுவும் விஷப்பல் வாயின் பின்பக்கம் இருக்கும் பின்பல் பாம்பு, பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது அக்கால எண்ணம். தன் உடலில் என்ன நடக்கிறது என்று அன்றிரவும் மறுநாள் காலையும் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார். மறுநாள் மதியம் உள்ரத்தக் கசிவால் இறந்தார். அது பூம்ஸ்லாங்தான். ஒரு செதில் மாறிப் பிறந்த பாம்பு. செதிலை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் நாலைந்து அடையாளங்களைச் சேர்த்தே பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு மெனக்கெட்டு இனம் கண்டுபிடிப்பது எதற்கு? மருந்து இனத்தைப் பொறுத்தது என்பதால். 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் கால்மெட் வியட்நாமின் சைகோனில் தொடங்கிய ஆய்வு நாக விஷத்தை முறிக்கும் முதல் மருந்தாக, அதாவது சீரமாக, முடிந்தது. அது எல்லாப் பாம்புக்கும் பலிக்கும் என்று அவர் நம்பினார். பலிக்காது என்று காட்டியவர் பிரேசில் மருத்துவர் விட்டல் பிரசீல். அங்குள்ள ஜராராகா என்ற குழிவிரியனுக்கும் கிலுகிலுப்பைப் பாம்புக்கும் தனித்தனிச் சீரம் தேவை என்று நிறுவினார். 1901-இல் தொடங்கிய புட்டன்டான் நிறுவனம் அந்தச் சீரங்களைத் தயாரித்தது. விவசாயிகள் பாம்பைப் பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்புவார்கள், பதிலுக்குச் சீரம் வரும். எந்த வட்டாரத்தில் எந்தப் பாம்பு என்ற கணக்கும் அதோடு சேர்ந்து வளர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் அரசப் பழுப்பு என்று ஊர் அழைக்கும் முல்கா பாம்பு உண்மையில் கரும்பாம்பு இனம். பெயரை நம்பிப் பழுப்புப் பாம்பு மருந்தைக் கொடுத்தால் வேலைக்காகாது. கரும்பாம்பு மருந்து வேண்டும். இந்தியாவில் இந்தத் தலைவலியைக் குறைக்க நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு) ஊசி. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பைக் கண்ணால் பார்க்காமலே தடத்தையும் எச்சத்தையும் சட்டையையும் கொண்டு என்ன பாம்பு என்று சொல்லும் அறிவு இருளர்களுடையது. அதற்காகவே 2017-இல் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவுக்கு அழைத்தார்கள்; 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. இந்த அறிவுக்குக் கிடைத்த மரியாதை தாமதமானது என்பதே என் எண்ணம்.

ஆனால் நான்கில் அடங்காத பாம்புகளும் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. கேரளத்தில் கடிபட்டவர்களோடு வந்த இந்தப் பாம்புகள் நெடுங்காலம் சுருட்டை விரியன் என்றே பதிவாகிவந்தன; தவறு 2007-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. நம் ஏ.எஸ்.வி. இதன் விஷத்தை முறிக்காது. நோயாளிக்குக் கிடைத்தது ஊசியின் பக்கவிளைவு மட்டும்தான். வித்தியாசம் தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். சுருட்டைக்கு மூக்கருகே குழி கிடையாது, தலை முழுக்கப் பொடிச் செதில், பக்கவாட்டில் ரம்பம் போன்ற செதில்களை உரசிச் சத்தமெழுப்பும். மற்றதற்குக் குழி உண்டு, உச்சந்தலையில் பெரிய செதில்கள் உண்டு.

அதேபோல் கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்குபவர்கள். இது அடிக்கடி நடக்கிறது, விளைவு கொடுமையானது. கண்ணாடி விரியனின் முதுகில் கருவளையமிட்ட நீள்வட்டங்கள் மூன்று வரிசையாக, சங்கிலி கோத்த மாதிரி சீராக ஓடும். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு ஒழுங்கு கிடையாது. ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். சந்தேகம் இருக்கிற வரை அதைக் கண்ணாடி விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்பது மதிப்பீடு. கடித்த பாம்பைத் தேடிப்பிடித்து அடித்து மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் வழக்கத்தால் நேரமும் போகிறது, இரண்டாவது ஆளும் கடிபடுகிறார். வெட்டிய தலைகூடக் கடிக்கும். தள்ளி நின்று கைபேசியில் ஒரு படம், அதுவும் கிடைத்தால் மட்டும், கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கட்டு இறுக்காமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. பாம்பின் பெயர் தெரியாமலே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க முடியும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியன் கடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலை வயிற்றுவலியோடு எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், உடம்பில் பல் பட்ட தடமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.